என் முறை வருவதற்கு முன்

2020-இல், ஊரடங்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்த மாதங்களில், அசோக் நகர் பதினொன்றாவது அவென்யூவுக்குப் பின்னால் ஒரு மொட்டைமாடி அறையில் இருந்தேன். ராத்திரி ஆனால் போனில் போக்கர். ஒரே நேரத்தில் மூன்று டேபிள். அப்படி ஆடுகிறவனுக்கு முன்கூட்டியே தொட்டுவைக்கும் பொத்தான்கள் இல்லாமல் கை ஓடாது.

ஆடாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் முறை வருவதற்கு முன்பே திரையின் கீழே சில கட்டங்கள் தெரியும். 'செக்/ஃபோல்டு' என்பதைத் தொட்டால், யாரும் பந்தயம் வைக்காதபோது ஆட்டத்தில் நீடிப்போம்; யாராவது வைத்தால் நம் சீட்டு தானாகக் கவிழும். 'கால்' என்று ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு வைத்தால், யாராவது தொகையை ஏற்றியதும் அந்தச் சம்மதம் ரத்தாகிவிடும். 'கால் எனி' வேறு ரகம். எவன் எவ்வளவு ஏற்றினாலும் சரி என்று முன்னமே சொல்லிவிடுவது.

கைதேர்ந்தவர்கள் இவற்றை யோசித்துத்தான் தொடுவார்கள். காரணம் நேரம். யோசிக்கிறவனுக்கு இரண்டு நொடியாவது ஆகும். முன்னமே தொட்டுவைத்தவனின் பதில் முறை வந்த கணமே விழும். எதிராளிக்கு அது போதும்: இவன் யோசிக்கவே இல்லை.

எனக்கு இது ஆட்டத்தில் உறைக்கவில்லை. அறையில்தான் உறைத்தது.

என்னோடு தங்கியிருந்த அண்ணன் மதுரைப் பக்கம், மெடிக்கல் ஷாப்பில் வேலை. ஒரு ராத்திரி, மணி ஒன்று இருக்கும். "தம்பி, ஒரு அஞ்சாயிரம்..." என்று ஆரம்பித்தார்.

"இல்லைண்ணே, மாசக் கடைசி." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரிப்பா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் டீக்கடையில் அவரே சொன்னார்: "நான் கேக்க வரலப்பா, குடுக்க வந்தேன். வாடகைக்குத் தடுமாறுறியேன்னு. யோசிச்சு இல்லேன்னு சொல்லியிருந்தா இன்னொரு வார்த்தை பேசியிருப்பேன். நீ பதிலை ரெடியா வெச்சிருந்தே."

டீ ஆறிப்போனது. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. முன்கூட்டியே முடிவெடுப்பது தப்பா? தப்பு என்று சுலபமாகச் சொல்ல முடியவில்லை. குடியை விட்டவன் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் புதிதாக யோசிக்க ஆரம்பித்தால் தொலைந்தான். கிரேக்கக் கதையில் யுலிசஸ் கடல் மோகினிகளின் பாட்டு கேட்பதற்கு முன்பே தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்னான். அவனைக் காப்பாற்றியது முன்முடிவுதான்.

ஆனால் தருமனை எடுத்துக்கொள்ளுங்கள். சூதுக்கு யாராவது அழைத்தால் மறுப்பதில்லை என்பது அவன் விரதம். அதுவும் முன்முடிவுதான், கேட்க உயர்வாகவும் இருக்கிறது. போக்கர் பாஷையில் அது 'கால் எனி'. சகுனி ஏற்ற ஏற்ற இவன் கை தானாகப் போகிறது. நாடு, தம்பிகள், தான், கடைசியில் மனைவி. பாஞ்சாலி சபைக்குக் கேட்டனுப்பிய கேள்வி நேராக அந்த இடத்தைத் தொடுகிறது: முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே இழந்துவிட்டவன் இன்னொருவரை வைத்து ஆட முடியுமா என்று அதற்கு அர்த்தம். சபையில் பீஷ்மராலேயே தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை.

யுலிசஸ் கட்டியது தன் கையை. தருமன் கட்டியதும் தன் கையைத்தான், ஆனால் கயிற்றின் நுனியை எதிராளியிடம் கொடுத்துவிட்டான். நானோ அடுத்தவர் வாக்கியத்தின் பாதியிலேயே என் காதைக் கட்டிக்கொண்டேன். மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் 'உறுதி' மாதிரித்தான் தெரியும்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு விதி வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கூடாது. வயது வந்தவன் எப்போது ஆடுவது என்பதை அரசா சொல்வது என்று எதிர்த்தார்கள். ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களையே தடை செய்து சட்டம் போட்டது. எதிர்த்தவர்களின் கேள்வி நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு அந்த அறையில் 'வயது வந்தவன்' என்று யார் இருந்தான்? மூன்று டேபிளிலும் பொத்தானைத் தொட்டு வைத்துவிட்டு, நான்காவதாக ஒரு மனிதருக்கும் தொட்டு வைத்திருந்த ஒருவன்.

சட்டம் ஆட்டத்தை மூடலாம். அந்த நான்காவது பொத்தானை மூட அதற்கு வழியில்லை. அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. அம்மா போனில் "ஊருக்கு எப்ப..." என்று ஆரம்பிக்கும்போதே "லீவு இல்லைம்மா" என்கிறது. ஆபீஸில், பஸ்ஸில், சிக்னலில் கை நீட்டுகிறவரிடம், எல்லா இடத்திலும் என் முறை வருவதற்கு முன்பே.

அண்ணன் அடுத்த வருஷமே ஊரோடு போய்விட்டார். எப்போதாவது கூப்பிடுவார். "தம்பி, ஒரு விஷயம்..." என்று இழுப்பார். நாக்கு நுனியில் ஏதோ ஒரு பதில் தயாராக இருப்பது எனக்கே தெரியும். அதை விழுங்கிவிட்டு, "சொல்லுங்கண்ணே" என்கிறேன்.