ஈரமான பகுதியை மேலே வையுங்கள்





நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்ல என்று எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி.

கவனியுங்கள்! மேலே இருந்த தானியம் உண்மையிலேயே காய்ந்ததுதான். அந்த உண்மையைக் கொண்டே அடியில் இருந்த ஈரம் மறைக்கப்பட்டது.

இன்று பிரிட்டனில் பழைய கார்களை விற்கும் விளம்பரங்கள் சிலவற்றில் இதே குவியலைப் பார்க்கிறோம். 1960களின் சாதாரண மினி காரைவிட அசல் மினி கூப்பர் எஸ் பல மடங்கு விலை போகும். ஆகவே சாதாரண காரைக் கூப்பராக மாற்றி, "ஹெரிடேஜ் சான்றிதழ் உண்டு" என்று போடுகிறார்கள். சான்றிதழ் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது சொல்வது என்ன? அந்தச் சேஸிஸ் எண்ணுள்ள கார் தொழிற்சாலையிலிருந்து வெளியேறியபோது என்ன எஞ்சின், என்ன நிறம் என்பதைத்தான். உங்கள் முன் நிற்பது அதே கார்தான் என்று அது சாட்சி சொல்வதில்லை. எண் தகட்டைக் கழற்றி வேறு பாடியில் பொருத்திவிட முடியும்.

"40,000 மைல்தான் ஓடியது" என்பார்கள். அக்காலக் கார்கள் பலவற்றின் மீட்டரில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999ஐத் தாண்டினால் மீண்டும் பூஜ்ஜியம். 1,40,000 மைல் ஓடிய காரும் 40,000 என்றே காட்டும்.

"ஒரு பிரபலத்திடம் இருந்ததாக நம்பப்படுகிறது" என்பார்கள். நம்புவது யார்? எந்த ஆதாரத்தில்?

பாகங்களை மாற்றுவது குற்றமா? இல்லை. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி கார் 1929, 1930 லெ மான்ஸ் பந்தயங்களில் வென்றது. சுமார் 1 கோடி பவுண்டு பேரத்தில், அது அசல் அல்ல என்று வாங்குபவர் தரப்பு மறுத்தது. 1990இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பாகங்கள் பல மாறியிருந்தாலும், அதன் வரலாறு அறுபடாமல் தொடர்வதால் அந்தப் பெயருக்கு உரிய கார் அதுவே. ஆக, மாற்றியது குற்றமல்ல, மறைப்பதே குற்றம்.

வாங்கும் சகோதரரே! வந்த செய்தியை விசாரித்துத் தெளியும்படி ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. பழைய ரசீதுகளையும் எம்.ஓ.டி. சோதனைத் தாள்களையும் வருட வாரியாகக் கேளுங்கள். விடுபட்ட ஆண்டுகளில் கார் எங்கே இருந்தது என்று கேளுங்கள். எஞ்சினில் பொறித்த எண்ணை நேரில் பாருங்கள். சுற்றிலும் உலோகம் தேய்க்கப்பட்டிருந்தால் பணத்தைக் கொடுக்காமல் காரணம் கேளுங்கள். வருடக்கணக்கில் சேமித்த பணம் அது. கேட்பதில் வெட்கமில்லை.

விற்கும் சகோதரரே! மாற்றியதை எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். விலை குறையலாம், பரக்கத் குறையாது. உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து.

நம்மிடம் பழைய கார் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். வீடு, நிலம், பழைய போன் என்று எதை விற்றாலும் அடியில் ஈரம் இருந்தால் மேலே எடுத்து வையுங்கள்.

நம் சம்பாத்தியத்தை அல்லாஹ் ஹலாலாக்கி வைப்பானாக! ஆமீன்.