ரங்கூன் அரிசியும் நியாயமான போரும்

ஒரு போர் நியாயமானதா என்று கேட்டால், யார் முதலில் சுட்டார்கள், எதற்காகச் சுட்டார்கள் என்பதைத்தான் நாம் பார்க்கிறோம். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரையும் ஜப்பானிய ராணுவத்தையும் எதிர்த்து நின்றது சரி என்பதில் இன்று பெரும்பாலோருக்குச் சந்தேகமில்லை. இந்தக் கட்டுரைக்கும் இல்லை. கேள்வி அதற்கு அடுத்தது. சரியான பக்கத்தில் நின்று போரிட்டவர்கள், போர்முனையே இல்லாத ஊரில் பட்டினியால் செத்தவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களா? திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தை வைத்து இதைக் கேட்டால், தப்பிக்க வழி குறைவு.

சமஸ்தானத்துக்கு வேண்டிய அரிசியில் பாதிகூட உள்ளூரில் விளையவில்லை. நாஞ்சில் நாடும் குட்டநாடும் போக, பெரும்பாலான நிலத்தில் தென்னை, மிளகு, ரப்பர், தேயிலை. குறையை நிரப்பியது பெரும்பாலும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த ரங்கூன் அரிசி. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அரிசிக் கப்பலும் நின்றது. கயிற்றுத் தொழிலால் பிழைத்த சேர்த்தலை வட்டாரத்தில் அடி இரண்டு பக்கமும் விழுந்தது. ஊறவைத்த தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்து, ராட்டில் திரித்துக் கூலி வாங்கிய பெண்களுக்கும், தறியில் பாய் நெய்த ஆண்களுக்கும் வெளிநாட்டுக்குக் கயிறு போனால்தான் சோறு. சரக்கேற்றக் கப்பல் கிடைக்காமல் ஏற்றுமதி முடங்கியதும் கூலி போயிற்று. அதே நேரத்தில் அரிசி விலை ஏறியது. 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய மரச்சீனிக்கிழங்குதான் பலருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தது. ஆனால் மாவுச்சத்து மட்டுமே மிகுந்த அந்தக் கிழங்கை மாதக்கணக்கில் தின்ற உடம்பு நோயைத் தாங்காது. 1943-ல் பட்டினிக்குப் பின்னாலேயே காலராவும் வந்தது.

இதற்கு ஜப்பான்தானே காரணம் என்பது முதல் மறுப்பு. பர்மாவைப் பிடித்தது ஜப்பான்தான். அந்தப் பங்கை யாரும் குறைக்க வேண்டாம். ஆனால் 1939 செப்டம்பர் 3 அன்று இந்தியாவின் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டவர் வைஸ்ராய் லின்லித்கோ. ஒருவனைக் கேட்காமல் ஆபத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியவனுக்கு, அவன் சம்மதத்தோடு அழைத்துப் போனவனைவிடப் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது. நெல் விளைய வேண்டிய மண்ணில் பணப்பயிர் வைத்தது சமஸ்தானத்தின் பழைய தவறு என்பது இரண்டாவது மறுப்பு. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 1942-ல் மலேயா வீழ்ந்த பிறகு அந்தப் பணப்பயிர்தான் நேச நாடுகளுக்குத் தேவைப்பட்டது. இலங்கையோடு சேர்ந்து திருவிதாங்கூர் தந்த ரப்பர் ராணுவ லாரிகளுக்கு டயரானது. ரப்பரை எடுத்துக்கொள்ளலாம், ரப்பர் நிற்கும் மண்ணில் நெல் இல்லையே என்று அந்த ஊர்க்காரனைக் குறை சொல்லலாம். இரண்டையும் ஒரே வாயால் சொல்வது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: கப்பல் இல்லை. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு கப்பலையும் வெற்றிக்காக ஒதுக்க வேண்டியிருந்தது, அதில் சிலர் பட்டினி கிடந்தது தவிர்க்க முடியாதது என்பார்கள். 1943-ல் இந்தியாவுக்கு 5 லட்சம் டன் தானியம் வேண்டும் என்று கேட்டவர் அதே லின்லித்கோ. ஆகஸ்ட் 4 அன்று கூடிய லண்டன் போர் அமைச்சரவை அதில் ஒரு சிறு பகுதிக்கே இசைந்தது. வங்காளத்தில் அந்த ஆண்டு தொடங்கிய பஞ்சத்தின் சாவுகளை அரசின் விசாரணைக் குழு 15 லட்சம் என்றது. அமர்த்தியா சென்னின் மதிப்பீடு ஏறத்தாழ 30 லட்சம். இதே போர் முழுவதும் பிரிட்டனில் ரொட்டிக்கு ரேஷன் கிடையாது. அது வந்தது போர் முடிந்தபின், 1946-ல். ஆகக் கப்பல் இருந்தது. யாருடைய தட்டு முதலில் நிரம்ப வேண்டும் என்ற வரிசையும் இருந்தது. அந்த வரிசையைப் போட்டவர்கள் மனிதர்கள். மனிதர் போட்டதைத் தவிர்க்க முடியாதது என்று சொல்லிக் கைகழுவ முடியாது.

தவிர்க்க முடியாதது என்ற வாதத்துக்கு எதிர்ச்சான்று திருவிதாங்கூரிலேயே இருக்கிறது. இந்தியாவின் பல பகுதிகளில் ரேஷன் நகர எல்லையோடு நின்றபோது, திருவிதாங்கூரும் கொச்சியும் அதைக் கிராமங்களுக்கும் கொண்டுபோயின. திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரை ஜனநாயகவாதி என்று யாரும் வாழ்த்தப்போவதில்லை. 1946 அக்டோபரில் புன்னப்பிராவிலும் வயலாரிலும், பஞ்சம் தின்ற அதே கயிற்றுத் தொழிலாளர் மண்ணில், அவருடைய ராணுவம் தொழிலாளர்களைச் சுட்டதை மறக்கவும் முடியாது. ஆனாலும் எல்லாருக்கும் அளந்து கொடுப்பது முடிகிற காரியம் என்பதை, பற்றாக்குறையின் நடுவிலேயே, அந்த நிர்வாகம் காட்டிவிட்டது. ஒரு சமஸ்தானத்தால் ஆனது ஒரு பேரரசால் ஆகாது என்று நம்புவது கடினம்.

பட்டினியால் செத்தவர்களை யாரும் கொல்ல நினைக்கவில்லையே என்பது மிச்சமிருக்கும் மறுப்பு. நோக்கத்துக்கு அறத்தில் இடமுண்டு. கொலையும் அலட்சியமும் ஒன்றல்ல. ஆனால் எதிரே தெரிகிற சாவை, எச்சரிக்கை கையில் இருக்கும்போதே, வேறொன்றுக்காக ஏற்றுக்கொள்வது அலட்சியத்தைத் தாண்டியது. பிரிட்டிஷ் அரசுக்குக் குற்றம் என்றால் என்ன என்று தெரியாமலும் இல்லை: திருவனந்தபுரம் மாவட்டத்து வக்கம் காதரை எதிரியின் ஆள் என்று விசாரித்து 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டது. கப்பலை மறுத்த முடிவை விசாரிக்க அதனிடம் எந்த நீதிமன்றமும் இல்லை. இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998-ன் ரோம் உடன்படிக்கை குடிமக்களைப் பட்டினி போடுவதைப் போர்க்குற்றம் என்கிறது, 2018-ல் ஐ.நா. பாதுகாப்பு அவை 2417-ஆம் தீர்மானத்தில் அதைக் கண்டித்தது. இரண்டும் குறிவைப்பது பட்டினியை ஆயுதமாக எடுப்பவனை. தன் ஆளுகைக்கு உட்பட்டவர்கள் சாவார்கள் என்று தெரிந்தும் கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்புகிறவன் அந்தச் சட்டத்தின் வலையில் எளிதில் சிக்கமாட்டான்.