தீயில் யார் இறங்க வேண்டும்?

டிசம்பர் கடைசி வாரம், அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, அடையாறு காந்தி நகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா பிள்ளைகள் இருவர், அவர்களுடைய சிநேகிதர்கள் மூவர். மூத்தவனுக்குப் பதினாறு வயது, இளையவளுக்குப் பன்னிரண்டு. மேசைமேல் கட்டம் போட்ட தாள், பென்சில், ஒரு தட்டு முறுக்கு, ஆளுக்கொரு இருபது முகப் பகடை. ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்டது. ஒருவர் உலகத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைந்து, நான் இப்படிச் செய்கிறேன் என்று அறிவித்து, பகடையை உருட்டி, வருவதை ஏற்றுக்கொள்ள வேண்டும். உலகத்தைச் சொல்பவரைப் பிள்ளைகள் 'டிஎம்' என்பார்கள். எங்கள் வீட்டில் அது நான்.

விடுமுறைக்கென்று தனிக்கதை கேட்பார்கள். முதல் இரண்டு வருடம் வெளிநாட்டில் எழுதிய கதைகளையே எடுத்து நடத்தினேன். பனி மூடிய கிராமம், பரிசு மூட்டை திருட்டுப் போய்விடுகிறது, திருடியவை கோப்ளின் என்னும் குட்டிப் பூதங்கள், குகைக்குப் போய் அவற்றைக் கொன்று மூட்டையை மீட்க வேண்டும். பிள்ளைகள் பதினொரு கோப்ளின்களைக் கொன்றார்கள். கேக் வெட்டினோம். அன்று இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: அந்தப் பூதங்கள் ஏன் திருடின என்று கதையில் ஒரு வரி கூட இல்லை. பிறவியிலேயே திருட்டு இனம். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்று எழுதியவர் நினைத்தார், நடத்திய நானும் நினைத்தேன்.

பிறவியிலேயே திருட்டு இனம் என்று எழுதிய சட்டப்புத்தகமே இந்த மண்ணில் இருந்தது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பிள்ளைகள் ஆடும் அந்த ஆட்டத்தின் 1977ஆம் ஆண்டுப் பூத அகராதியில் ஓர்க் என்ற இனத்துக்கு நேரே 'தீயது' என்று குணம் குறித்திருந்தார்கள், மாட்டுக்குக் கொம்பு என்பதுபோல. அதை வெளியிடும் நிறுவனமே 2020இல் இப்படி ஒரு இனத்தையே தீயதாகக் காட்டியது தவறு என்று ஒப்புக்கொண்டது. 2024ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில் 'ரேஸ்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு கம்பெனி ஐம்பது வருடத்தில் தன் புத்தகத்தைத் திருத்திக்கொண்டது. நாம் தீபாவளிக்கு நரகாசுரன் செத்த கதையை இன்றும் அதே வாயால் சொல்லி, அதே வாயில் லேகியத்தைப் போட்டுக்கொள்கிறோம்.

அதனால் பனிக்கதையை மூட்டை கட்டினேன். சென்னையில் பனி என்றால் விடிகாலை இருபது டிகிரி, தாத்தாக்கள் தலையில் மப்ளர், மாட வீதியில் ஈரக்கோலம். மார்கழியும் தையும் முன்பனிக் காலம் என்று தமிழில் பெயரே இருக்கிறது. அந்தக் காலத்துக்குரிய ஆட்டமும் இருக்கிறது, பரமபதம்.

என் பாட்டி வீடு மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க வேண்டும் என்று கூடத்தில் பரமபதத் தாளை விரித்து, நான்கு மூலையிலும் நாலு டம்ளர் வைப்பாள். பித்தளைத் தாயக்கட்டையை உள்ளங்கையில் உரசி உருட்டும்போது வருகிற ஓசை இன்றும் எனக்குக் கேட்கிறது. ஏணிகளுக்குப் புண்ணியங்களின் பெயர், பாம்புகளுக்குப் பாவங்களின் பெயர், அசுரர்களின் பெயர். உச்சியில் வைகுண்டம். என் சித்தி பையன் ஒருமுறை உச்சிக்கு இரண்டு கட்டம் முன்னால் பெரிய பாம்பின் வாயில் விழுந்து அடிமட்டத்துக்கு வந்துவிட்டான். அழுதான். பாட்டி அவன் தலையைத் தடவி, "போன ஜென்மத்துப் பாவம்டா கண்ணா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

ஆனால் அவன் ஒரு பாவமும் செய்யவில்லை. நான்கு விழுந்தது, அவ்வளவுதான். தானம் என்று எழுதிய ஏணியில் ஏறியவளும் யாருக்கும் எதுவும் கொடுத்துவிடவில்லை, அவளுக்கு ஆறு விழுந்தது. பரமபதத்தில் ஆடுபவருக்கு முடிவெடுக்கிற இடம் என்று ஒரு கட்டம் கூடக் கிடையாது. தற்செயலாக நடப்பதற்குப் புண்ணியம், பாவம் என்று பெயரெழுதி வைத்திருக்கிறார்கள். கீழே கிடப்பவன் தன் வினையால் கிடக்கிறான் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு விடிய விடிய ஊட்ட, இதைவிடக் கச்சிதமான கருவியை எவராலும் செய்ய முடியாது. பிறப்பும் அப்படி விழுந்த ஒரு தாயம்தான். எந்த வீட்டில், எந்தத் தெருவில், எந்தச் சாதியில் பிறக்கிறோம் என்பதில் நம் கை எதுவும் இல்லை. அதற்கு வினைப்பயன் என்று பெயர் வைப்பவர் மேல்கட்டத்தில் உட்கார்ந்திருப்பவராகத்தான் எப்போதும் இருக்கிறார்.

பிள்ளைகளின் ஆட்டத்திலும் பகடை உண்டு. வரிசைதான் வேறு. முதலில், நான் என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். பிறகுதான் உருட்டல். விழுகிற எண் வெற்றி தோல்வியைத் தரலாம், நீ நல்லவனா கெட்டவனா என்பதைத் தர முடியாது. அது நீ வாய் திறந்தபோதே முடிந்துவிட்டது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே இந்த ஆட்டத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் ஆட வேண்டும் என்பேன்.

மார்கழிக் கதை என்று தேடினால் கைக்கு முதலில் வருவது, சாதியால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சிவபக்தன் நந்தன். திருவாதிரைக்கு முந்தின இரவு, பூட்டிய கோயில், வழியை மறைக்கும் நந்தி, விடிவதற்குள் உள்ளே போக வேண்டும் என்ற தவிப்பு, வாசலில் ஒரு தீக்குழி. சாகசக் கதைக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அதைக் கீர்த்தனைகளாக்கி, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியப் பண்ணையாரையும் உள்ளே கொண்டுவந்தார். நாற்பது வேலி நிலத்து வேலையை ஒரே இரவில் முடித்தால் சிதம்பரம் போகலாம் என்று அவர் நிபந்தனை போடுகிறார். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில் நந்தனாக ஆண் வேடம் கட்டினார். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தன். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் டிசம்பர் கச்சேரிகளில் அந்தக் கீர்த்தனைகள் இன்றும் ஒலிக்கின்றன. அருகில் வரலாமா என்று நந்தன் கேட்கும் மாஞ்சி ராகப் பாட்டு வரும்போது, பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நானும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கண்ணீரைத்தான் இப்போது சந்தேகிக்கிறேன். பாட்டு ஒரு கேள்வி. கேட்பவன் வெளியே நிற்கிறான். பதில் சொல்ல வேண்டியவர்கள் குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்திருக்கும் நாம். நாம் பதில் சொல்வதில்லை, கைதட்டுகிறோம். கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்தால், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் இந்த லிஃப்டில் ஏறக் கூடாது என்று அச்சடித்த தாள் ஒட்டிய குடியிருப்பு. அப்படி ஒன்றில் நான் ஆறு வருடம் குடியிருந்தேன். ஆறு வருடமும் அந்தத் தாளைப் படித்துக்கொண்டே மேலே போனேன், கிழிக்கவில்லை.

கதை என்ன சொல்கிறது? திருப்புன்கூரில் நந்தி விலகியது, வெளியே நின்று கும்பிட்டுக்கொள் என்று. மதில் விலகவில்லை. தில்லையில், அதாவது சிதம்பரத்தில், தெற்கு மதிலுக்கு வெளியே தீ மூட்டினார்கள். அதில் இறங்கி, பூணூலும் சடைமுடியுமாக வேறொரு ஆளாக வெளியே வந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். அப்படியென்றால் உள்ளே போனது நந்தன் இல்லை. நந்தன் வாசலிலேயே முடிந்துபோனான். உள்ளே போனது, அவர்கள் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்த வேறொரு உடம்பு. இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' நாடகத்தில் இந்தத் தீயைத் திட்டமிட்ட கொலையாகவே எழுதினார். புதுமைப்பித்தன் அதற்கும் பல வருடம் முன்பே தன் கதையில் புதிய நந்தனைக் கூப்பிட்டு வந்தவர். படித்தவர்கள் படித்தார்கள். சபாக்களில் பழைய நந்தனே இறங்கிக்கொண்டிருக்கிறான்.

பக்திக் கதையில் நெருப்பு ஓர் உருவகம்தானே என்பார்கள். கோபாலகிருஷ்ண பாரதி பிறந்த நரிமணமும் கீழ்வெண்மணியும் ஒரே நாகை மாவட்டத்து ஊர்கள். 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு. கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்டவர்களின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒதுங்கின. குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர். தண்டனை பெற்ற பண்ணையார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் பிறகு விடுவித்தது. வசதி படைத்த மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாக இருந்ததாம். மேல்கட்டத்தில் இருப்பவர் பாவம் செய்திருக்க மாட்டார். என் பாட்டியின் பரமபதத் தாளில் இருந்த அதே தர்க்கம்.

பண்டிகை நாளில் இதையெல்லாமா பிள்ளைகளிடம் பேசுவது என்று அக்கா கேட்டாள். பண்டிகை நாளில்தான் நாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். மற்ற நாளெல்லாம் பாடம்தானே சொல்கிறோம்?

மார்கழிக் கதையை எழுத உட்கார்ந்தபோது எனக்கு நானே ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். சோதனை வெளியே நிற்பவனுக்கு இல்லை, கதவைப் பூட்டியவனுக்கு. சொல்வது சுலபம், ஆட்டத்தில் கொண்டுவருவது சிரமம். வழக்கமாகப் பகடை உருட்டுபவர்கள் பிள்ளைகள். பூட்டைத் திறக்க 15, மதிலேற 12 என்று டிஎம் இலக்கு வைப்பார். நான் அதைத் திருப்பிப் போட்டேன். வாசலில் மூன்று காவலர்கள். ஒருவர் உண்மையாகவே நம்புகிறவர், ஒருவர் மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர், ஒருவர் இந்தப் பூட்டால் வயிறு வளர்ப்பவர். பிள்ளைகள் கேள்வி கேட்கலாம். நல்ல கேள்வி ஒவ்வொன்றுக்கும் காவலர்தான் பகடை உருட்ட வேண்டும். 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் தன் பழைய பதிலையே திரும்பச் சொல்லலாம். இருபதில் ஆறு வாய்ப்பு. விழாவிட்டால் ஏன் என்று யோசித்தாக வேண்டும். விடியலுக்கு எட்டுக் கட்டம் வரைந்து, ஒவ்வொரு வீண் பேச்சுக்கும் ஒன்றைக் கறுப்பாக்கினேன். எட்டும் நிரம்பினால் சங்கு ஊதிவிடும்.

ஊரின் பெயரை மாற்றினேன். வாசலில் நின்றவனுக்கு நந்தன் என்ற பெயரையே விட்டேன். தீக்குழியையும் எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் கதை பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

போன டிசம்பரில் நடத்தினோம். மூத்தவன் மந்திரவாதி, எடுத்த எடுப்பில் கதவை வெடித்துத் திறக்கப் பார்த்தான். நந்தன் அவன் கையைப் பிடித்து, நாளைக்கு நான் இதே ஊரில்தான் இருக்க வேண்டும் என்றான். பயந்த காவலர் மூன்றாவது கேள்வியில் தடுமாறினார், ஏழு விழுந்தது. நம்புகிறவர் பத்தொன்பது உருட்டிப் பழைய பதிலையே சொன்னார். அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது, அதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. ஆறு கட்டம் கறுத்துவிட்டது. தீ மூட்டும் நேரம் ஆகிவிட்டது என்றேன். மேசை அமைதியானது. நந்தனோடு நாமும் இறங்கலாமா, தண்ணீர் மந்திரம் போடலாமா என்று மூன்று பேர் தங்களுக்குள் பேசினார்கள்.

குள்ளர் இனத்து வீராங்கனையாக ஆடிய இளையவள் முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"மாமா, அந்தக் குழிக்கு விறகு யாரு வெட்டுனது?"

என் குறிப்புத் தாளில் விறகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய கதை. காவலர்களின் அப்பா பெயர் வரை எழுதியிருந்தேன். யார் வெட்டியிருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரே ஒரு பதில்தான் உண்டு.

"நந்தனோட தெருக்காரங்கதான்மா."

"குழி வெட்டுனதும் அவங்கதானா?"

"ஆமா."

அவள் தன் குள்ள வீராங்கனை பொம்மையைக் கோயில் வாசலிலிருந்து எடுத்து, தாளின் கீழ்மூலைக்கு நகர்த்தினாள். நான் அங்கே எதுவும் வரைந்திருக்கவில்லை. பென்சிலால் அவளே நாலைந்து குடிசை வரைந்தாள். "நான் அங்க போறேன். விறக எறக்க வேணாம்னு சொல்லப் போறேன். அப்புறம், அவங்களுக்கு விறகுக்குக் கூலி எவ்வளவுன்னு கேக்கணும்."

மற்ற நால்வரும் அவளைப் பார்த்தார்கள். பூட்டுத் திறப்பவனாக ஆடியவன் தன் பொம்மையையும் நகர்த்தினான். மந்திரவாதி கடைசியாக வந்தான். இதற்கு எத்தனை உருட்ட வேண்டும் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். மணி எட்டாகிவிட்டது, அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். ஏழாவது கட்டத்தைக் கறுப்பாக்காமல் தாளை அப்படியே அலமாரி மேல் எடுத்து வைத்தோம், அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடர்வது என்று. அதுவரை அந்த வாசலுக்கு விறகு வந்து சேரவில்லை.