நோயுற்ற உடலும் உழைப்பின் அறமும்

உழைத்து உண்பதே அறம் என்று கற்பிக்கும் ஒரு மரபில், மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீளும் நோயினால் உழைக்க இயலாதுபோன ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது, சமய நூல்கள் நேராக எழுப்பாத, ஆனால் அவற்றின் உள்ளே அடங்கிக் கிடக்கும் கேள்வியாகும். நான்கு நாள் காய்ச்சலில் இக்கேள்வி எழுவதில்லை. படுத்தவர் எழுந்து விட்ட வேலையைத் தொடர்ந்துவிடுவார். காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு, முடக்குவாதம் முதலிய நாட்பட்ட நோய்களிலோ ஓய்வெடுத்தால் கூலி போகிறது, கூலி போனால் உணவும் மருந்தும் குறைகின்றன, அவை குறைந்தால் எடுத்த ஓய்வும் பயனற்றுப்போகிறது.

பெரியபுராணம் கூறும் திருவீழிமிழலை நிகழ்ச்சி இக்கேள்வியின் கூர்மையை உணர்த்தும். பஞ்சம் பரவிய காலத்தில் அடியார்களுக்கு அமுதளிக்கும்பொருட்டு அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு இறைவனால் அளிக்கப்பட்டது. அவற்றுள் சம்பந்தர் பெற்ற காசு வாசியுடையதாக, அதாவது மாற்றும்போது வட்டம் கழிக்கப்படுவதாக இருக்க, அப்பர் பெற்ற காசுக்கு அக்குறை இருக்கவில்லை. உழவாரப்படை என்னும் புல்செதுக்கும் கருவியை ஏந்திக் கோயில் முற்றங்களைத் துப்புரவு செய்த கைத்தொண்டே அதற்குக் காரணம் என்பது சேக்கிழார் தரும் விளக்கம். உடலுழைப்புக்கு இவ்வளவு உயர்ந்த மதிப்பை வழங்கிய இலக்கியம் அரிது. 12ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் பசவண்ணரைச் சூழ்ந்து எழுந்த சரணர்களும் அவரவர் தொழிலைக் ‘காயகம்’ என்று போற்றி வழிபாட்டுக்கு நிகராக வைத்தனர். ஆயினும், கை ஓய்ந்தவருக்கு அந்தக் காசில் பங்கு உண்டா? அப்பரின் வரலாறே இதற்கு ஒரு குறிப்பைத் தருகிறது. உழவாரம் ஏந்துவதற்கு முன்பு அவர் சூலை என்னும் கொடிய வயிற்றுநோயால் துடித்தவர். அந்நிலையில் அவர் எதையும் ஈட்டவில்லை, எவருக்கும் தொண்டு செய்யவில்லை, திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் போய்ச் சேர்ந்தார், அவ்வளவே. அவரைத் தாங்கிக்கொள்ள ஒருவர் இருந்ததனால்தான் பிற்காலத்துக் கைத்தொண்டு நிகழ முடிந்தது. திருவீழிமிழலையிலும் சம்பந்தருக்குக் காசு நிறுத்தப்படவில்லை. பின்னர் அவர் பாடிய பதிகத்தால் அதன் வாசியும் நீங்கியது.

நோயாளியின் மனத்தை அரிப்பது வருமான இழப்பு மட்டுமன்று, தாம் பழுதானவர் என்னும் குற்றவுணர்வும் ஆகும். இதற்கு வினைக்கொள்கை பலமுறை துணைபோயிருக்கிறது. சைவ சித்தாந்தம், இப்பிறவியில் நுகர்ந்து தீர்க்கவேண்டிய பழவினையைப் பிராரத்தம் என்று அழைக்கிறது. நோயும் அதன் பயனென்றால் பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று சிலர் முடிவுகட்டுகின்றனர். இம்முடிவு அந்த மரபுக்கே முரணானது. கொங்குநாட்டுத் திருச்செங்கோட்டில் உடன்வந்த அடியார்கள் குளிர்சுரத்தால் வாடியபோது சம்பந்தர் பாடியதாகப் போற்றப்படும் திருநீலகண்டப் பதிகம், நோய் பழவினையின் விளைவே என்பதை ஒப்புக்கொண்ட பின்பும், அதிலிருந்து மீளும் வழியை நாடாமல் இருப்பதையே குறையாகக் கருதுகிறது. நோயின் மூலகாரணம் எதுவாயினும் மீட்சியைத் தேடுவது கடமை என்றால், அத்தேடலுக்கு வேண்டிய ஓய்வும் கடமையின் பகுதியே ஆகும். உடம்பை இழிந்ததெனக் கருதாமல் இறைவன் உறையும் இடமாகக் கண்டு பேணிய திருமூலரின் நிலைப்பாடும் இதே திசையில் செல்வதே.

எனினும் ஓய்வு கடமை என்று சொல்வது எளிது. அதற்கான பொருள் எங்கிருந்து வரும் என்பதே கடினமான பகுதி. இவ்விடத்தில் திருக்குறள் உரைமரபு வியப்பூட்டும் வெளிப்படைத்தன்மையுடன் பேசுகிறது. ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, மருந்தைப் பிழையாமல் செய்தளித்து உடனிருப்பவர் என்று நான்கு கூறாக்குகிறது. பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கு இயல்புகளை வகுக்கும்போது, நோயாளிக்கு உரியவற்றுள் பொருளுடைமையை முதலில் வைக்கிறார். மருத்துவன் சொல்வழி நிற்றல், நோயின் நிலையை உணர்த்துதல், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் ஆகியன அதன் பின்னரே வருகின்றன. வடமொழி மருத்துவ நூல்களுள் சரக சம்ஹிதையின் பட்டியலில் செல்வம் இடம்பெறவில்லை. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் இடம்பெறுகிறது. பொருளின்றி நோய் தீராது என்னும் உண்மையைப் பரிமேலழகர் மறைக்கவில்லை என்பது பாராட்டுக்குரியது. ஆனால் அதை நோயாளியின் சொந்த இயல்பாக வைத்ததனால், பொருளற்றவர் நோயாளியாக இருக்கும் தகுதியிலேயே குறைபட்டவர் ஆகிவிடுகிறார். மற்ற மூன்றையும் ஒருவர் தம் மனவுறுதியால் அடையக்கூடும். பொருளை, அதுவும் உழைக்கும் ஆற்றல் போன பிறகு, அவ்வாறு அடைய முடியாது. ஆகவே அது நோயாளியின் இயல்பாக அன்றி, நோயாளிக்குச் சமூகம் பட்ட கடனாக எண்ணப்படவேண்டியதாகும்.

சென்னையின் மருத்துவ வரலாறு இதற்கு வலுச்சேர்க்கிறது. தாம்பரத்தில் 1928இல் மருத்துவர் டேவிட் சவுரி முத்து நிறுவியதைப் போன்ற சானடோரியங்களில் காசநோய்க்கு நீண்ட ஓய்வும் தூய காற்றும் சத்துணவுமே சிகிச்சையாக இருந்தன. ஈட்டுபவர் ஒருவரே உள்ள குடும்பத்தில் இத்தகைய ஓய்வு வீட்டினரின் பட்டினியாகவே முடிந்திருக்கும். 1956இல் சென்னையில் தொடங்கி 1959இல் முடிவுகள் வெளியான ஆய்வு ஒன்று, ஐசோனியசிட் உள்ளிட்ட மருந்துகளை ஓராண்டு உட்கொண்டவர்களில் சானடோரியத்தில் தங்கியவர்களையும் வீட்டிலிருந்தவர்களையும் ஒப்பிட்டது. வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டு மிகுதியாக உழைத்தபோதிலும், நோய் அடங்குவதில் இரு பிரிவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஏழை நோயாளிகளை இயலாத ஓய்வின் சுமையிலிருந்து விடுவித்த முடிவு இது. ஆயினும், நோயாளியால் உழைக்க முடியும், ஆகவே அவர் உழைத்தே தீரவேண்டும் என்று இதற்குப் பொருள்கொள்வது தவறு. மருந்து கிருமியை அடக்கியது; உடல் தளர்ந்திருந்த மாதங்களின் கூலியை அது ஈட்டித் தரவில்லை.

அந்தக் கூலியைக் கடனாக ஏற்ற அமைப்பு ஒன்று இந்தியாவில் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ., நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காட்டையும், காசநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருப்பின், இரண்டாண்டுவரை 80 விழுக்காட்டையும் வழங்குகிறது. தொழிலாளி தாமும் சந்தா செலுத்திப் பெறுவதால் இது பிச்சையாகவோ தயவாகவோ ஆவதில்லை. தாசோகம் என்று சரணர்கள் போற்றிய, ஈட்டியதைப் பிறரோடு பகிரும் கொள்கை இதில் சட்டவடிவம் பெற்றிருக்கிறது எனலாம். ஆனால் வயலில் கூலிவேலை செய்பவர், கட்டடத்தில் சிற்றாள் வேலை பார்ப்பவர், வீட்டுவேலை செய்யும் பெண் ஆகியோரில் மிகப் பெரும்பாலோர் இத்திட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர். அவர்கள் காசநோயாளிகளாயின், ஊட்டச்சத்துக்கென 2018முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர்முதல் 1,000 ரூபாயும் கிடைக்கிறது. அது உணவுக்கு உதவுமே அன்றி ஓய்வுக்கு உதவாது.

குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டும் காசநோய்ச் செலவைப் பேரிடர்ச் செலவு என்று வரையறுக்கும் உலக சுகாதார நிறுவனம், இழந்த வருமானத்தையும் அச்செலவில் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் வருமானத்தை இழப்பவர் நோயாளி மட்டும் அல்லர். பரிமேலழகர் உடனிருப்பவருக்கு வகுத்த நான்கு இயல்புகளில் நோயாளியிடம் அன்பும் மனமொழிமெய்த் தூய்மையும் உண்டு, பொருள் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அந்த இடத்தில் இருப்பவர் மனைவியோ தாயோ மகளோதான். நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில் உடனிருப்பவரது கூலியும் போகிறது, இ.எஸ்.ஐ. வழங்கும் நோய்க்கால ஈட்டிலும் அந்தக் கூலிக்கு இடமில்லை. நோயுற்றவரின் ஓய்வைக் கடனென ஒப்புக்கொள்ளும் சமூகம், திலகவதியார்களின் இந்தக் கூலியையும் அதே கணக்கில் எழுதவேண்டியிருக்கிறது.