கதவு மூடினால் மறந்து போகும்

சாகாவரம் கேட்கிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். பகல், ராத்திரி, உள்ளே, வெளியே என்று அத்தனை கண்டிஷன் போட்ட ஹிரண்யகசிபு வாசற்படியைக் கோட்டை விட்டான். வி.இ. ஷ்வாப் 2020-ல் எழுதிய 'தி இன்விசிபிள் லைஃப் ஆஃப் ஆடி லரூ' நாவலின் கதாநாயகிக்கும் அதே கதிதான்.

பிரான்ஸில் ஒரு சின்ன கிராமம். வருஷம் 1714. மனைவியை இழந்த ஒருவனுக்கு இரண்டாம் தாரமாக ஆடியைக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். கல்யாணத்தன்று காட்டுக்குள் ஓடிப்போய் தெய்வத்தைக் கூப்பிடுகிறாள். இருட்டின பிறகு பதில் சொல்கிற தெய்வங்களை மட்டும் வேண்டிக்கொள்ளாதே என்று ஊர்க் கிழவி எச்சரித்திருந்தாள். அவசரத்தில் சூரியன் விழுந்ததை இவள் கவனிக்கவில்லை. வந்தவன் கேட்டதைக் கொடுத்துவிட்டான். யாருக்கும் கட்டுப்படாத வாழ்க்கை, அதுவும் முடிவே இல்லாமல். 'போதும்' என்று அவளே சொல்லும் நாளில் ஆன்மா அவனுக்கு. பொடி எழுத்தில் இருந்த ஷரத்து அப்புறம்தான் தெரிகிறது. அவளை யாருக்கும் ஞாபகம் இருக்காது. வீட்டுக்குத் திரும்பினால் பெற்ற அம்மாவே 'யார் நீ?' என்கிறாள்.

கதவு மூடினால் போதும், மறந்துவிடுவார்கள். தன் பெயரைச் சொல்ல வாய் வராது. எழுதினால் மை மறைந்துவிடும். போட்டோ எடுத்தால் முகம் விழாது. பசிக்கும், ஆனால் சாவு வராது. இப்படி முந்நூறு வருஷம்! (இவ்வளவு அவகாசம் இருந்தும் ஐரோப்பா, அமெரிக்கா தவிர வேறெங்கும் போகத் தோன்றவில்லை அம்மணிக்கு. மயிலாப்பூர் வேண்டாம், இஸ்தான்புல்லுக்காவது போயிருக்கலாம்.) நடுவில் நூறு பக்கத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம் என்பது என் கட்சி.

படித்தவர்கள் பெரும்பாலும் இதைக் காதல் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு வேறு ஒரு பழைய கேள்வி ஞாபகம் வந்தது. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் கைஜீஸ் என்கிற இடையனின் கதை வருகிறது. மாயமாய் மறையவைக்கும் ஒரு மோதிரம் அவனுக்குக் கிடைக்கிறது. உடனே அரண்மனைக்குப் போய் ராணியை வசப்படுத்தி, ராஜாவைக் கொன்று, தானே ராஜாவாகிவிடுகிறான். பார்க்க ஆள் இல்லையென்றால் யார்தான் யோக்கியனாக இருப்பான் என்பது கேள்வி. ஆடிக்கு வாய்த்தது இன்னும் பெரிய மோதிரம். பார்த்தவர்களும் மறந்துவிடுகிறார்களே! ரொட்டி திருடுகிறாள், கோட் திருடுகிறாள், ஊரில் இல்லாதவர்கள் வீட்டில் தூங்குகிறாள். புகார் கொடுக்க ஒரு ஆள் கிடையாது.

2014-ல் நியூயார்க்கில் ஒரு பழைய புத்தகக் கடை. அங்கே 'ஒடிஸி' ஒரு பிரதியைச் சுடுகிறாள். மறுநாள் அதே கடைக்கு அதே புத்தகத்தோடு தைரியமாகப் போகிறாள், யாருக்குத் தெரியப்போகிறது என்று. கடைக்காரப் பையன் ஹென்றி, நேற்று நீதானே எடுத்துக்கொண்டு போனாய் என்கிறான். நாவலில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த இடம் இதுதான். முந்நூறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தன் அவளை அடையாளம் கண்டுகொள்கிறான், அதுவும் திருடியாக. அவளுக்கு அவமானம் வரவில்லை. உலகமே திரும்பக் கிடைத்த மாதிரி நிற்கிறாள். (திருடின புத்தகமும் பொருத்தம்தான். கலிப்ஸோ தருவதாகச் சொன்ன சாகாவரத்தை வேண்டாமென்று விட்டு வீடு திரும்புகிறவன் ஒடிஸியஸ். இருபது வருஷம் கழித்துப் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்தவனை வாசலில் கிடந்த கிழநாய் அடையாளம் கண்டுகொள்கிறது.)

நம்மை நாலு பேர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படும்போது, நாம் செய்த நல்லதை மட்டும்தான் மனசில் வைத்திருக்கிறோம். ஞாபகம் அப்படிப் பொறுக்கியெடுத்து வருவதில்லை. கடனும் திருட்டும் கூடவே வரும். ஆடிக்கு அது புரிந்திருக்கிறது.

எனக்கு இது நாவல் படிக்கும் முன்பே புரிந்திருக்க வேண்டும். கடைசிக் காலத்தில் என் பெரியம்மாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. "பெரியப்பா எங்கடா?" என்று கேட்பாள். முதல் தடவை, அவர் போய் ஆறு வருஷமாச்சு என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்போதுதான் செத்தவருக்கு அழுகிற மாதிரி அழுதாள். பத்து நிமிஷத்தில் மறுபடியும் அதே கேள்வி. "கடைக்குப் போயிருக்கார், வந்துடுவார்" என்றேன். "வெயில்ல குடைகூட எடுக்காமப் போயிருப்பார்" என்று சிரித்தாள். அதற்கப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பெரியப்பா கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பொய்க்காக நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும்.

வருத்தம் வேறு. ஒரு தடவை கிளம்பும்போது, "அடுத்த வாரம் கதம்பம் வாங்கிண்டு வரியாடா, நாலு முழம்?" என்றாள். சரி என்றேன். அடுத்த ஞாயிறு பஸ் ஸ்டாண்டு பூக்காரி முன்னால் நின்றபோது, கேட்டதே அவளுக்கு நினைவிருக்காது, எதற்கு என்று தோன்றியது. வெறுங்கையோடு போனேன். நினைத்தபடியே ஒன்றும் நடக்கவில்லை. "வாடா, எப்ப வந்தே?" என்று சந்தோஷமாகத்தான் கூப்பிட்டாள். பூ பற்றிப் பேச்சே இல்லை.

பெரியம்மா போய்விட்டாள். அந்த நாலு முழம் பற்றித் தெரிந்தவன் இப்போது நான் ஒருத்தன்தான்.