ஒளியும் ஒழுக்கமும்

இரவில் எதிரெதிரே வரும் வாகனங்களின் சாரதிகள் தத்தம் முகப்பு விளக்கைத் தாழ்த்திக்கொள்வது நெடுஞ்சாலையின் பழைய ஒழுக்கமாகும். சட்டம் அதனை விதித்துள்ளதாயினும், ஆளரவமற்ற வீதியில் அதனைக் காப்பது பெரும்பாலும் சாரதியின் மனச்சான்றே. தன் பார்வையைச் சிறிது குறைத்து முன்பின் அறியாத ஒருவனின் பார்வையைக் காத்தலால் இச்செயல் அறத்தின்பாற்படும். இதனைப் பொறியிடம் ஒப்படைத்த பின்னும் அறம் எஞ்சுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

வீதிக்கேற்ப ஒளியைத் திருப்பும் முயற்சி புதியதன்று. 1948இல் அமெரிக்காவில் உருவான டக்கர் காரின் நடுவிளக்குச் சுக்கானுடன் சேர்ந்து திரும்பியது. 1967இல் பிரான்சின் சித்ரோன் டீ.எஸ். காரிலும் திரும்பும் விளக்குகள் இடம்பெற்றன. இவை வளைவை நோக்கினவேயன்றி எதிரே வருவோனை நோக்கவில்லை. 2013இல் ஜேர்மனியின் அவுடி ஏ8 காரில் வந்த முறையோ வேறு. முற்கண்ணாடியின் பின்னுள்ள கமரா எதிர்வரும் வாகனத்தின் வெண்ணொளியையும் முன்செல்லும் வாகனத்தின் செவ்வொளியையும் இனங்காண்கிறது. ஒவ்வொரு விளக்கின் உயர் ஒளியிலும் உள்ள 25 ஒளிகாலும் இருவாயிகளுள் அவ்வாகனத்தின் மீது படுபவை மட்டும் மங்குகின்றன அல்லது அணைகின்றன. எஞ்சிய வீதி முழு ஒளியில் விளங்குகிறது. அமெரிக்க விதிகள் 2022இலேயே இத்தகைய விளக்குகளுக்கு இடமளித்தன.

கடமைக்கு இணங்கச் செய்தலையும் கடமையென்று கருதியே செய்தலையும் காண்ட் 1785இல் வெளியிட்ட நூலில் வேறுபடுத்தினார். பொறி முன்னதையே செய்கிறது; எனினும் அது சினப்பதில்லை, சோம்புவதில்லை. கண்கூசாது தப்பியவனுக்குத் தன்னைக் காத்தது நன்மனமா நுண்கருவியா என்பது பொருட்டன்று. எமது நற்குணம் வளரும்பொருட்டு இச்செயலை எமது மறதியிடமே விட்டுவைக்க வேண்டுமென வாதிடல், பிறர் உயிரை எமக்குப் பயிற்சிக்களமாக்குவதாகும். ஆதலின் இப்பொறியை அறத்தின் பகையெனல் பொருந்தாது.

எனினும் வேறோர் இடர் உண்டு. இப்பொறி பிறரைப் பெரும்பாலும் அவர்தம் விளக்கினாலேயே அறிகிறது. விளக்கற்ற பாதசாரி பொதுவாக முழு ஒளியிலேயே நிற்கிறான். அவன் சாரதிக்குத் தெளிவாகத் தெரிகிறான். அஃது அவனுக்குப் பாதுகாப்பே. ஆனால் அவன் கண் கூசுகிறது. காலடியிலுள்ள பள்ளம் அவனுக்குத் தெரிவதில்லை. ஒளியுடையோர்க்கு விலகும் ஒளி, ஒளியற்றோர் மீது விலகாது விழுகிறது.

இதனைப் பொறியின் குறையென்று மட்டும் கொள்ளலாகாது. கையால் விளக்கைத் தாழ்த்திய நாளிலும் நடந்துசெல்வோனுக்காக அதனைச் செய்தோர் சிலரே. யாரைப் பிறரெனக் கருதினோமோ அவரையே பொறிக்கும் கற்பித்தோம். ஆயினும் அன்று ஆளியில் கைவைத்த சாரதி, வீதியோரத்து மனிதனைக் கண்டு மனம் மாற இடமிருந்தது. இன்று கை ஓய்ந்திருப்பதால் அவ்வெண்ணம் எழும் வாய்ப்பும் அருகுகிறது.

செயலைப் பொறியிடம் ஒப்படைக்கலாம்; அச்செயல் யார்யாரைக் கருத்திற் கொள்கிறது என வினவும் பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது. அப்பொறுப்பு அதனை ஆக்குவோர்க்கும், விதி வகுப்போர்க்கும், சுக்கானைப் பிடித்திருப்போர்க்கும் உரியதாகவே இருக்கும்.