முத்திரிக் கிணறு சொல்லும் பாடம்



சாமிதோப்புத் தலைமைப்பதிக்கு வருகிற அன்பர்கள் முதலில் செல்வது முத்திரிக் கிணற்றுக்கு. அங்கே பதமிட்டு, குளித்து, ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் தலைப்பாகை கட்டிப் பதிக்குள் நுழைகிறார்கள். தண்ணீர் தலையில் விழுகிற நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் ஒரே கிணறு, ஒரே தண்ணீர்.

பணிவிடை முடிந்து, நெற்றியில் திருநாமம் தாங்கி, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பேச்சு மாறிவிடுகிறது. "அவன் யாரு? எந்தக் குடும்பம்? தகப்பனுக்கு என்ன ஜோலி? பிள்ளைக்கு எத்தனை பவன் போட்டானாம்?" என்று விசாரணை தொடங்குகிறது. நெற்றியில் நாமம் இன்னும் காயவில்லை. அதற்குள் கிணற்றடியில் கேட்காத கேள்விகளை எல்லாம் நாக்கு கேட்கத் தொடங்கிவிட்டது.

ஒரு மனிதனை எதை வைத்து மதிப்பது? மதித்த பிறகு அவனை எப்படி நடத்துவது? இந்த இரண்டு கேள்விகளும் அய்யாவழி மக்களுக்குப் புதியவை அல்ல. அய்யா வைகுண்டரின் வரலாறே இந்தக் கேள்விகளில்தான் தொடங்குகிறது.

பெயருக்கும் தடை

1809-ஆம் ஆண்டு பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்ந்தவன் என்று தள்ளப்பட்ட குடியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. தொட்டிலில் கிடக்கிற குழந்தை எந்தப் பாவமும் செய்யவில்லை. ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆனாலும் அதன் மேல் தீர்ப்பு விழுந்துவிட்டது. ஆளைப் பாராமலே ஆளை அளக்கும் குணம் எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அன்றைய திருவிதாங்கூரில் இந்த அளவு எல்லாவற்றிலும் இருந்தது. கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். தலைக்கு வரி கட்ட வேண்டும். குடை பிடிக்கக்கூடாது. செருப்பு போடக்கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது, தோளில் சீலை இடக்கூடாது. இன்னார் இன்னாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. தோள்சீலைக்காக நடந்த நீண்ட போராட்டத்தின் பிறகு 1859 ஜூலை 26-ல் அரசு உத்தரவு வந்தது. அந்த உத்தரவிலும், மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக்கூடாது என்றே எழுதியிருந்தது. உரிமையைக் கொடுக்கும்போதும் படிக்கட்டை இடிக்க மனம் வரவில்லை. சுசீந்திரம் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926-ல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. கோயில் நுழைவுக்கு 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அய்யா செய்தது என்ன?

1833 மாசி 20-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்த அய்யா, இந்த அளவுகோலையே எடுத்து எறிந்தார். கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று தள்ளப்பட்ட மக்களைக் கூட்டி முத்திரிக் கிணற்றைப் பொதுவாக்கினார். தொட்டால் தீட்டு என்றிருந்த காலத்தில், நெற்றியைத் தொட்டுத் திருநாமம் சாத்தும் வழக்கத்தைத் தந்தார். தலையில் துண்டு கட்ட அஞ்சிய மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். அழுக்கானவர்கள் என்று இகழப்பட்ட மக்களில் 700 குடும்பங்களை வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் துவையல் தவசு இருக்கச் செய்து, சுத்தத்தையும் கட்டுப்பாட்டையும் வாழ்க்கையாக்கினார்.

இதில் அன்பர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தள்ளப்பட்ட சாதிக்கு மட்டும் என்று ஒரு தனிக் கிணறு தோண்டியிருந்தால் தாகம் தீர்ந்திருக்கும். மேல்சாதிக் கிணறு ஒன்று, கீழ்சாதிக் கிணறு ஒன்று என்று ஊர் அமைதியாகவும் இருந்திருக்கும். ஆனால் அய்யா அப்படிச் செய்யவில்லை. எல்லாச் சாதி மக்களும் ஒன்றாகக் குளிக்கவும் குடிக்கவும் ஒரு கிணற்றை வைத்தார். தள்ளியவனுக்கும் அதில் இடம் இருந்தது. வாங்கிய அவமானத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழியாக அந்தக் கிணறு அமையவில்லை. அவமானம் என்ற வழக்கமே அங்கே முடிந்துபோக வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

தள்ளப்பட்டவர் தள்ளலாமா?

இந்த இடத்தில் அய்யாவழி மக்கள் தங்களையே கேட்டுப் பார்க்க வேண்டிய கடினமான கேள்வி வருகிறது. பாட்டியின் தோளில் சீலை கூடாது என்று சொன்ன கதையைக் கண்ணீரோடு சொல்லுகிற குடும்பம், இன்று தன் வீட்டுக் கழிவறை சுத்தம் செய்ய வந்தவருக்குத் தனி டம்ளரில் சாயா கொடுத்தால், அந்தக் கதையிலிருந்து அது என்ன கற்றது? தூரம் நிற்கச் சொன்னவர்களைக் குறை சொல்லும் வாய், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளியைப் பெயர் கேட்காமல் "ஏய்" என்று கூப்பிடுகிறது. அன்று முடிசூடும் பெருமாள் என்ற பெயரைப் பறித்ததற்கும், இன்று ஒருவனைப் பெயரில்லாதவன் ஆக்குவதற்கும் என்ன வித்தியாசம்?

சாதி ஒன்றுதான் அளவுகோல் என்று நினைக்க வேண்டாம். பவனும் ரொக்கமும் அளவுகோல் ஆகிவிட்டன. பெண் கொடுத்த வீட்டுக்காரர் பந்தலின் ஓரத்தில் கைகட்டி நிற்கிறார். கணவனை இழந்த தங்கை, தன் சொந்த அண்ணன் மகளின் கல்யாணத்தில் முன்னால் வரத் தயங்கி அடுப்படியில் நிற்கிறாள். பிள்ளை இல்லாத பெண்ணை வளைகாப்புக்கு அழைக்கும்போது குரல் தாழ்கிறது. பத்தாம் வகுப்பில் தோற்ற பையன் ஊர்ச் சாயாக்கடைக்கு முன்னால் நடக்க வெட்கப்படுகிறான். வேதக்காரன், இந்து என்ற அளவுகோல் 1982-ல் மண்டைக்காட்டில் கலவரமானபோது, அதுவரை ஒரே சந்தையில் மீன் விற்றவரும் வாங்கியவரும் ஒருவரை ஒருவர் அஞ்ச வேண்டி வந்ததை இந்த மாவட்டம் மறந்துவிடக்கூடாது.

நிழல்தாங்கல்களிலும் இது நுழையாமல் இல்லை. ட்யூப்லைட் உபயம் செய்தவரின் பெயர் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதப்படுகிறது. பெரிய தொகை கொடுத்தவருக்கு நாற்காலி வருகிறது. தினமும் விடியுமுன் வந்து முற்றம் பெருக்கும் அம்மையின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. கலி என்பது எங்கோ தூரத்தில் கோட்டை கட்டிக்கொண்டு இருக்கிற ஒன்றல்ல. அடுத்தவரைப் பார்த்த உடனே "இவன் எனக்கு மேலா, கீழா?" என்று கணக்குப் போடும் மனத்தில்தான் அது முதலில் குடியேறுகிறது.

குற்றத்தைக் குற்றம் என்று சொல்லக்கூடாதா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது நியாயமானதும்கூட. "யாரையும் அளக்கக்கூடாது என்றால், தவறு செய்கிறவனை என்ன செய்வது? குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவனையும் சும்மா விடுவதா? அய்யாவே நீசன் என்று கண்டித்துச் சொல்லவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள்.

அநீதியை அய்யா மூடி மறைக்கவில்லை என்பது உண்மைதான். வரியையும் ஊழியத்தையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்காகவே திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள் துன்பம் பட்டார். ஆகவே கண்டிப்பது அறத்துக்கு விரோதம் இல்லை. அடிக்கிற கையைத் தடுக்காமல் பொறுமை பேசுவது தர்மமும் இல்லை. ஆனால் ஊர் உண்மையில் செய்வது கண்டிப்புத்தானா என்று பார்க்க வேண்டும்.

குடிக்கிறவனுடைய வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அவனை நேரில் கூப்பிட்டு "இது தப்பு" என்று சொல்ல ஊரில் பலருக்குத் துணிவு இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் அடைக்கலம் கொடுக்கவும் கதவு திறப்பதில்லை. ஆனால் அவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தால், "குடிகாரன் மக்க" என்று சொல்ல மட்டும் நாலு பேர் உண்டு. குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை அனுபவிப்பவள் இன்னொருத்தி. மேலும், மாடி வீட்டுக்காரர் குடித்தால் "கொஞ்சம் பழக்கம் உண்டு" என்று பேச்சு மெதுவாகிறது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர் குடித்தால் ஒரே சொல்லில் "குடிகாரன்". ஒரே குற்றத்துக்கு இரண்டு தராசு. அவரே குடியை விட்டு ஐந்து வருடம் ஆன பிறகும் அந்தப் பட்டம் மட்டும் போவதில்லை.

இதைக் கண்டிப்பு என்று எப்படிச் சொல்வது? கண்டிப்பு செயலைத் தொடும், அந்தச் செயல் நின்றதும் தானும் நின்றுவிடும். ஊர் போடுகிற பட்டமோ ஆளைப் பிடித்துக்கொண்டு பிள்ளை, பேரன் வரை தொடரும். முத்துக்குட்டி என்ற பெயரைத் திணித்தவர்கள் செய்ததும் இதைத்தான். தாழ்ந்து கிடப்பவனைக் காத்து மேலே தூக்குவதே தர்மம் என்பது அய்யாவின் போதனை. ஆகவே ஒருவரைப் பற்றிச் சொல்லும் சொல் தர்மமா, கலியா என்று அறிய ஒரு கேள்வி போதும்: அந்தச் சொல்லால் அவர் எழுந்திருக்க வழி உண்டாகுமா, இன்னும் ஓர் அடி கீழே போவாரா? எழுந்திருக்க வழி உண்டானால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். இல்லையென்றால் அவர் முதுகுக்குப் பின்னாலும் சொல்ல வேண்டாம்.

பள்ளியறைக் கண்ணாடி

பதியின் பள்ளியறையில் சிலை இல்லை. விளக்குகளும் நிலைக்கண்ணாடியும் இருக்கின்றன. மருத்துவாழ்மலையில் தவமிருந்த நாராயண குருவும் பிற்காலத்தில், 1927-ல், களவங்கோட்டில் கண்ணாடியையே நிறுவினார். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவர் காண்பது தன்னையே. உன்னுள் இருக்கும் இறைவனை உணர்ந்துகொள் என்பது அதன் முதற்பொருள். அடுத்த வீட்டுக்காரரும் அதே இடத்தில் வந்து நிற்கிறார், அதே கண்ணாடி அவரையும் காட்டுகிறது என்பதும் அதில் அடங்கிய பொருள். அவருக்குள் இருப்பது வேறு இறைவன் அல்ல. அப்படியானால் அவரைத் தாழ்த்திச் சொல்லும் சொல் யாரைப் போய்ச் சேருகிறது என்று அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரிய காரியங்கள் எதுவும் தேவையில்லை. அடுத்த திருஏடு வாசிப்பு நாளில், தர்மக் கஞ்சி ஊற்றும்போது, ஓரத்தில் தயங்கி நிற்கிறவரைப் பெயர் சொல்லி அழைத்து நடுப் பந்தியில் உட்கார வைக்கலாம். கணவனை இழந்த சகோதரியிடம் விளக்கேற்றத் திரியைக் கொடுக்கலாம். முற்றம் பெருக்கும் அம்மைக்கு உபயக்காரருக்குக் கொடுக்கிற அதே மரியாதையோடு இனிமம் கொடுக்கலாம். குடியை விட்டவரிடம் பணிவிடையில் ஒரு பொறுப்பை ஒப்படைக்கலாம். வேலைக்கு வந்த அந்நிய ஊர்க்காரரிடம் "உங்க பேரு என்ன?" என்று கேட்கலாம்.

முத்திரிக் கிணற்றில் பதமிட்டவருடைய உடம்பு பஸ் ஏறுமுன் உலர்ந்துவிடும். ஆனால் அங்கே பக்கத்தில் நின்றவரை யாரென்று கேட்காமல் சகோதரனாக ஏற்ற மனம் உலராமல் ஊர் வந்து சேர வேண்டும். அப்போதுதான் பதிக்குப் போய்வந்த பயன் முழுமையாகும்.

அய்யா உண்டு!